நான் ஏன் பாதியில் எழுந்து போனேன்

பியோரியா, இல்லினாய்
ஞாயிறு இரவு

அன்புள்ள ஜோயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறோம்.

போன மாதம் நாஷ்வில் பக்கம் ஃபிராங்க்ளினில் உங்கள் சபையின் வொர்ஷிப் நைட்டுக்கு வந்திருந்தபோது நான் பாதியில் எழுந்து போய்விட்டேன். எல்லாம் முடிந்ததும் நீ கிட்டார் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பார்க்கிங்குக்கு ஓடி வந்தாய். "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டாய். தலைவலி என்றேன். அது பொய், மக்களே. உன் முகத்தைப் பார்த்தபோதே நீ நம்பவில்லை என்று தெரிந்தது. திரும்பி வரும் வழியில் ஏழு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டே உனக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். போனில் சொன்னால் நீ ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல, எங்கேயோ போய் நிற்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நீ நன்றாக வாசித்தாய். இரண்டாவது பாட்டில் எல்லாரும் நிறுத்தின பிறகு டிலே பெடலில் நீ மட்டும் நான்கு சுரங்களை விட்டுவிட்டு வாசித்தாயே, அதை நான் கவனித்தேன். பதினோரு வயதில் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து விரல் நுனி சிவக்கச் சிவக்கப் பழகின பிள்ளைதான் இது என்று நினைத்துக்கொண்டேன். நான் எழுந்து போனதற்கு உன் வாசிப்பு காரணமே இல்லை.

இந்த இசைக்குள் நான் எப்படி வந்தேன் என்று துண்டு துண்டாகச் சொல்லியிருப்பேன், முழுதாகச் சொன்னதில்லை. 1986-ல் படிக்க சிகாகோவுக்கு வந்தபோது எனக்கு 23 வயது. நாகர்கோவிலில் ஆர்மோனியம், பாமாலை, கீர்த்தனை இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த சபை இசை. எலெக்ட்ரிக் கிட்டார் சினிமாவுக்குரியது. என்னோடு அறையில் தங்கியிருந்த மிச்சிகன் பையன் ஒரு நாள் ரெஸ் பேண்ட் என்ற ராக் குழுவின் கேசட் ஒன்றைக் கையில் கொடுத்தான். போட்டுக் கேட்டால் ஒரே இரைச்சல். அதற்குள்ளே ஒரு பெண் தொண்டை கிழியப் பாடுகிறாள். வெண்டி கைசர். எதைப் பற்றி என்று கேட்டேன். தென்னாப்பிரிக்காவின் நிறவெறியைப் பற்றி என்றான். 1979-லேயே அந்தப் பாட்டு வந்துவிட்டதாம். ஒரு கிறிஸ்தவ பேண்ட், அமெரிக்க வெள்ளைக்காரர்கள், நிறவெறியைப் பாவம் என்று பாடுகிறார்கள். நம் ஊரில் சபைக்குள்ளேயே சாதி பார்த்துக் கல்யாணம் பேசுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதைப் பற்றி ஒரு பாட்டை நான் எந்த ஆராதனையிலும் கேட்டதில்லை. அன்று ராத்திரி அந்தக் கேசட்டை மூன்று தடவை கேட்டேன்.

அவர்கள் சிகாகோவின் அப்டவுன் பகுதியில் ஜீசஸ் பீப்பிள் யுஎஸ்ஏ என்ற கூட்டு வாழ்க்கைச் சமூகமாக இருந்தார்கள். ஒரே பணப்பை. வீடில்லாதவர்களுக்குச் சாப்பாடு, தங்க இடம். பாட்டும் அதே வீட்டிலிருந்துதான் வந்தது. அப்புறம் நான் பின்னோக்கிப் போய் ஒவ்வொன்றாகத் தேடினேன். 1969-ல் முதல் தனி ஆல்பம் போட்ட லாரி நார்மன். 1972-ல் ஃபோர்ட் வேய்னில் தொடங்கிய பெட்ரா பேண்ட். பணம் எவ்வளவு முடியுமோ அவ்வளவு கொடுத்து ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று விற்ற கீத் கிரீன். நான் அவரைக் கேட்கத் தொடங்கினபோது அவர் 1982 விமான விபத்தில் தன் இரண்டு பிள்ளைகளோடு இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. எந்தச் சபை என்னை ஏற்றுக்கொள்ளும் என்று தெரியாமல் அந்நிய தேசத்தில் குளிரில் நடந்த நாட்களில் இவர்கள்தான் எனக்குச் சபை.

அந்தச் சமூகம் நடத்தின கார்னர்ஸ்டோன் இசை விழாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீயே அந்தச் சேற்றில் வளர்ந்தவன். ஆனால் நீ பிறப்பதற்கு முந்தின வருடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1992, ஜூலை 4. விழா கிரேஸ்லேக்கிலிருந்து புஷ்னெல் பண்ணை நிலத்துக்கு மாறி இரண்டாவது வருடம். மார்க் ஹெர்ட் பாடினார். ஜார்ஜியாக்காரர், 40 வயது, ஒல்லியான மனிதர். பெரிய கம்பெனிகள் அவரை என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிட, கடைசி மூன்று ஆல்பங்களைத் தன் சொந்த லேபிளில் போட்டார். கடன், களைப்பு, பிள்ளை தூங்கின பிறகு வரும் பயம், தகப்பன் தாய்க்கு வயதாவது, கடவுள் பேசாமல் இருப்பது, இதையெல்லாம் பாடினவர். கடைசி வரியில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதமாட்டார். ஆனாலும் கேட்டு முடித்தால் ஜெபித்து முடித்த மாதிரி இருக்கும்.

அன்று மேடையில் அவருக்கு மாரடைப்பு வந்தது. கீழே நின்ற எங்களுக்கு அது தெரியாது. அவர் பாடி முடித்தார். முடித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆகஸ்ட் 16-ஆம் தேதி இறந்துபோனார். செய்தி கேட்ட அன்று அம்மாவிடம், "அந்த மனுஷனுக்கு நெஞ்சு வலித்துக்கொண்டிருந்தபோது நான் கை தட்டிக்கொண்டிருந்தேன்" என்று சொல்லி அழுதேன். அதற்குப் பிறகு மேடையில் நின்று பாடுகிற யாரையும் நான் லேசாக எடுத்துக்கொண்டதில்லை. உன்னையும்தான்.

1997-ல் உன்னை முதல் தடவையாக அங்கே தோளில் தூக்கிக்கொண்டு போனேன். நான்கு வயது. காதில் பஞ்சு வைத்திருந்தேன், நீ பிடுங்கிப் பிடுங்கிப் போட்டாய். அந்த வருடம் செப்டம்பரில் பாடகர் ரிச் மல்லின்ஸ் 39-ஆம் நெடுஞ்சாலையில் விபத்தில் இறந்தார். நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிற இடம். ஒரு சராசரி அமெரிக்கத் தொழிலாளியின் சம்பளம் மட்டும் எனக்குக் கொடுங்கள், மீதியைத் தானமாகக் கொடுத்துவிடுங்கள் என்று தன் சபை மூப்பர்களிடம் கணக்கை ஒப்படைத்திருந்தவர். எவ்வளவு சம்பாதித்தோம் என்றே அவருக்குத் தெரியாது.

அப்புறம் உன் காலம் வந்தது. டூத் அண்ட் நெயில் லேபிளின் பேண்டுகள், ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு வயலோரத்தில் தாங்களே மேடை போட்ட பையன்கள். 14 வயதில் நீ என்னை மீவித்அவுட்யூ என்ற பேண்டைப் பார்க்க இழுத்துக்கொண்டு போனாய். அதன் பாடகர் பாடவில்லை, கத்தினார். எனக்கு முதலில் பிடிபடவில்லை. ஆனால் அவர் சந்தேகத்தை ஒளிக்காமல் கத்தினார், நீ ஒவ்வொரு வார்த்தையும் கூடவே கத்தினாய். என் கேசட்டுகளிலிருந்து எனக்குக் கிடைத்தது உனக்கும் வேறு வடிவத்தில் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

மாறினது எப்போது என்று யாராவது கேட்டால் ஒரு நாளைச் சொல்ல முடியாது. வியாபாரப் பக்கம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், கிறிஸ்தவ இசைக் கம்பெனிகள் இருக்கிற ஊரிலேயே இருக்கிறாய். ஸ்பேரோ என்ற கிறிஸ்தவ இசைக் கம்பெனியை 1992-ல் ஈஎம்ஐ வாங்கியது. வேர்டு கம்பெனி 2002-ல் வார்னர் கைக்குப் போனது. 1997 அக்டோபர் 31-ஆம் தேதி, மார்ட்டின் லூத்தர் தம் 95 கருத்துரைகளை வெளியிட்ட நாளிலேயே, பாடகர் ஸ்டீவ் கேம்ப் 107 கருத்துரைகளை எழுதி வெளியிட்டார். ஊழியத்தை உலகக் கம்பெனிகளிடம் விற்றுவிட்டோம் என்பதுதான் அதன் சாரம். நான் அதை ஆபீஸில் பிரிண்ட் எடுத்து வேத பாட வகுப்பில் கொடுத்தேன். நண்பர்கள் சிலருக்குக் கோபம்.

ஆனால் கம்பெனிகளை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1988-ல் தொடங்கின சிசிஎல்ஐ உரிமத்தையே எடுத்துக்கொள். சபை வருடத்துக்கு ஒரு கட்டணம் கட்டிவிட்டால் வரிகளைத் திரையில் போடலாம், அச்சடிக்கலாம். என்ன பாடினார்கள் என்ற கணக்கின்படி பாட்டு எழுதினவர்களுக்குப் பணம் போகும். நியாயமான ஏற்பாடு. அதற்கு முன்னால் சபைகள் காசு கொடுக்காமல் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தன. ஆனால் அப்புறம் என்ன ஆயிற்று பார். ஒரு ராக் ஆல்பத்தை ஒருவர் ஒரு தடவை வாங்குவார். டவுன்லோடு வந்த பிறகு அதையும் வாங்கவில்லை. ஒரு ஆராதனைப் பாட்டையோ ஆயிரக்கணக்கான சபைகள் வாரா வாரம் பாடும். வீடும் பிள்ளைகளும் உள்ள ஒரு பாட்டுக்காரன் எதை எழுதுவான்? ஆயிரம் பேர் ஒரே மூச்சில் பாடக்கூடியதை எழுதுவான். என் தகப்பனுக்கு மறதி வந்துவிட்டது, கடவுளே ஏன் என்று கேட்கிற பாட்டை ஆயிரம் பேர் சேர்ந்து பாடமாட்டார்கள். அப்படியே பேண்டுகள் ஒவ்வொன்றாக ஆராதனைப் பாட்டின் பக்கம் திரும்பின. 2000-ல் தேர்ட் டே, 2003-ல் நியூஸ்பாய்ஸ். மைக்கேல் டபிள்யூ. ஸ்மித்தின் ஆராதனை ஆல்பம் கடைக்கு வந்தது 2001 செப்டம்பர் 11-ஆம் தேதி. அந்த வாரம் முழுக்க அதை நானும் கேட்டேன், அழுதேன். அந்தப் பாடல்களுக்கு நான் கடன்பட்டவன். அதை மறைத்துவிட்டு உனக்கு இந்தக் கடிதம் எழுத முடியாது.

ரேடியோவும் இதற்குத் துணை. நேயர்கள் தரும் காணிக்கையில் ஓடுகிற ஸ்டேஷன்கள் யாரும் பட்டனைத் திருப்பிவிடக் கூடாது என்று பார்க்கும். பிள்ளைகளைப் பள்ளியில் விட காரில் போகிற ஒரு தாயை மனதில் வைத்து, அவளுக்கு பெக்கி என்று பெயரும் வைத்துப் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். பாவம் அந்தத் தாய். அவளுக்கும் துக்கம் இருந்திருக்கும். அவளைக் கேட்டா தேர்ந்தெடுத்தார்கள்? 2010-லிருந்து 2020 வரை இங்கே சபைகள் பாடின பிரபலமான புதுப் பாட்டுகளில் பெரும்பங்கு நான்கு பெரிய சபைகளிலிருந்து வந்தது: சிட்னியின் ஹில்சாங், ரெடிங்கின் பெத்தேல், சார்லட்டின் எலிவேஷன், அட்லாண்டாவின் பேஷன். நாகர்கோவிலுக்குப் போன தடவை போயிருந்தபோது வாலிபர் கூட்டத்தில் அதே பாட்டுகளைத் தமிழில் பாடினார்கள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது எனக்கு வருத்தம்தான் இருந்தது. மனம் முறிந்தது 2005 ஜனவரி 2-ஆம் தேதி. உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சுனாமி வந்து அடுத்த ஞாயிறு. குளச்சலில் என்னோடு பள்ளியில் படித்த நண்பன், அவன் அம்மா, இரண்டு பேரும் போய்விட்டார்கள். ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் சேரும் வரை நாங்கள் ஒரே பெஞ்சு. அவன் அம்மா கையால் நெத்திலிக் குழம்பு எத்தனை நாள் சாப்பிட்டிருப்பேன். அந்தக் காலையில் நம் சபையில் போதகர் சுனாமிக்காக ஒரு நிமிடம் ஜெபித்தார். ஆமென் சொன்ன உடனே டிரம்ஸ் தொடங்கியது. கடலும் உமக்குக் கீழ்ப்படியும், வெற்றி நமக்கே என்று பாட்டு. எல்லாரும் குதித்தார்கள். நீ என் சட்டையைப் பிடித்து, "ஏன்பா பாடல?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. கடல் கீழ்ப்படியும் என்பதை நான் நம்பாமல் போகவில்லை, ஜோயல். ஆனால் அந்தக் காலையில் அதைப் பாட என்னால் முடியவில்லை, முடியாதவனுக்கு அங்கே வேறு பாட்டே இல்லை.

வீட்டுக்கு வந்து 88-ஆம் சங்கீதத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை எப்படியாவது கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். அது திரும்பாது. இருட்டிலேயே முடிகிறது. அதையும் கோராகின் புத்திரர் பாட்டாகத்தான் பாடினார்கள், ராகத் தலைவனிடம் ஒப்புவித்தார்கள். தேவாலயத்தில் அதற்கும் முறை வைத்திருந்தார்கள். அப்புறம் கீழ்த்தளத்துக்குப் போய் மார்க் ஹெர்ட்டைப் போட்டுக் கேட்டேன். நீ படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாய், எனக்குத் தெரியும்.

சரி, போன மாதத்துக்கு வருகிறேன். நான் கடைசி வரிசையில் இருந்தேன். மூன்றாவது பாட்டு முடிந்ததும் உங்கள் பாடகர், இந்த வருடம் யாரையாவது இழந்தவர்கள் இருக்கிறீர்களா, அப்படியே அமைதியாக இருப்போம் என்றார். விளக்கைக் குறைத்தார்கள். கீபோர்டில் மட்டும் மெதுவாக ஒரு ஒலி. எனக்கு முன்வரிசையில் ஒரு பெண், முப்பது வயது இருக்கும், தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. நானும் என் நண்பனை நினைத்தேன், போன வருடம் போன உன் பாட்டியை நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எதேச்சையாகப் பின்னால் திரும்பினேன். என் தலைக்கு மேலே பின்சுவரில், மேடையில் நிற்கும் உங்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு திரை. அதில் அடுத்த பாட்டின் முதல் வரி. பக்கத்தில் சிவப்பில் எண்கள் குறைந்துகொண்டே வந்தன. 21, 20, 19.

அந்தப் பெண் இன்னும் அழுதுகொண்டிருந்தாள். சைபர் வந்தது. தாளம் எண்ணும் கிளிக் உங்கள் காதில் விழுந்திருக்கும். டிரம்ஸ் அடித்தது, விளக்கு எல்லாம் ஒன்றாக எரிந்தது. அவள் திடுக்கிட்டு நிமிர்ந்து, முகத்தைத் துடைத்து, கையை உயர்த்தினாள். பக்கத்தில் எல்லாரும் உயர்த்தியிருந்தார்கள். அப்போதுதான் நான் எழுந்தேன்.

இரண்டு ஆராதனைகள் அடுத்தடுத்து நடக்கிற இடத்தில் நேரம் பார்க்கத்தான் வேண்டும், எனக்குப் புரிகிறது. நான் 30 வருடம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். கிளிக் இல்லாமல், முன்பே பதிவுசெய்த டிராக்கோடு சேர்ந்து வாசிக்க முடியாது என்று நீயே எனக்கு விளக்கியிருக்கிறாய். யாரும் கெட்ட எண்ணத்தில் அந்த 21 நொடியைப் போடவில்லை. ஆனாலும் ஒருத்தியின் துக்கத்துக்கு எத்தனை நொடி என்று செவ்வாய்க்கிழமை ரிகர்சலிலேயே முடிவாகியிருந்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை. மேடையில் நீ நின்றதால் இன்னும் தாங்க முடியவில்லை.

பழையதெல்லாம் பொன், புதியதெல்லாம் பித்தளை என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. 2014 வாக்கில், ஜீசஸ் பீப்பிள் சமூகத்தில் பிள்ளைகளாக வளர்ந்தவர்கள் பெரியவர்களாகி, சிறுவயதில் தாங்கள் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக வெளியே பேசத் தொடங்கினார்கள். அதைப் படித்த வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடின அந்த அப்டவுன் வீடு. அவர்கள் விழாவுக்கு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவன் நான். உலகத்தின் அநியாயத்தையெல்லாம் பாடினவர்கள் வீட்டுக்குள்ளே பிள்ளைகள் சொன்னது யார் காதிலாவது விழுந்ததா? எனக்குப் பதில் கிடைக்கவில்லை. அந்தக் கேசட்டுகளை ஒரு வருடம் தொடவில்லை. பிறகு எடுத்தேன். இப்போது கேட்கும்போது அந்தப் பிள்ளைகளையும் சேர்த்தே நினைக்கிறேன். முன்பு மாதிரி நெஞ்சு நிறைந்து கேட்க முடிவதில்லை.

2012-ல் கார்னர்ஸ்டோனின் கடைசி வருடம் நீ காலேஜிலிருந்து வந்து என்னோடு நின்றாயே. புல் காய்ந்து தூசி பறந்தது. நீ அப்போது, "நான் போய் இதை மறுபடியும் ஆரம்பிக்கிறேன்பா" என்றாய். 19 வயதுப் பேச்சு, நீ மறந்திருப்பாய். அதை நான் உன் மேல் கடனாகப் போடவில்லை. வாடகை, இன்ஷூரன்ஸ், கல்யாண ஏற்பாடு எல்லாம் உனக்கு இருக்கிறது. அந்தச் சபை உனக்குச் சம்பளம் தருகிறது, உன்னை நன்றாக நடத்துகிறது, அதற்காக ஸ்தோத்திரம் சொல்கிறேன். வேலையை விடு என்று நான் சொல்லவே இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீயும் உன் நண்பர்களும் எழுதின பாட்டு ஒன்று இருக்கிறதே, பாட்டி இறந்தபோது நீ போனில் பாடிக் காட்டினது. நாகர்கோவிலுக்கு டிக்கெட் கிடைக்காமல் நீ அடக்கத்துக்கு வர முடியாமல் போனதைப் பற்றி. அதற்குப் பிரிட்ஜ் இல்லை, பாட்டை உச்சிக்குக் கொண்டுபோகிற அந்தப் பகுதி இல்லாவிட்டால் சபையில் எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்றாய். அதற்குப் பிரிட்ஜ் எழுதாதே. அப்படியே வைத்துக்கொள். மேடையில் இடமில்லை என்றால் உன் வீட்டு ஹாலில் ஒரு நாள் பாடு. முன்வரிசையில் இருந்த அந்தப் பெண் யார் என்று உங்கள் சபையில் யாருக்காவது தெரிந்தால் அவளையும் கூப்பிடு.

ஒரு பெட்டி அனுப்புகிறேன். மார்க் ஹெர்ட்டின் கடைசி மூன்றும் அதில் இருக்கின்றன, ரிச் மல்லின்ஸ் இரண்டு. பழைய கேசட் டெக்கின் பெல்ட் அறுந்திருந்தது, மாற்றிவிட்டேன், இப்போது நன்றாக ஓடுகிறது. அதையும் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். அடியில் அம்மா வைத்த நார்த்தங்காய் ஊறுகாய், நிமிர்த்தி எடு.

தேங்க்ஸ்கிவிங்குக்கு நாங்கள் வருகிறோம். அந்த ஞாயிறு நீ வாசிப்பாய் என்று அம்மா சொன்னாள். நானும் வருவேன். அந்தத் திரை என் கண்ணில் படாதபடி முன்னாலேயே உட்கார்ந்துகொள்கிறேன், கடைசி வரை இருப்பேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

அன்புடன்,
அப்பா